மூக்கு ஒழுகாத பிள்ளைகள்

அன்று காலையில் எங்கள் வளவு முற்றத்தில் இருந்தவர்கள்:

திருநெல்வேலியிலிருந்து வந்த டாக்டரம்மா, சின்ன வயசு. அவருக்கு ஐஸ் பெட்டி தூக்கி வந்த ஆள். எங்கள் ஏரியா நர்ஸம்மா. முதல் வீட்டு மதினி, இடுப்பில் கை வைத்தபடி. அவளுடைய ரெட்டைப் பயல்கள். இரண்டாம் வீட்டு மினிபஸ் டிரைவர், டூட்டிக்குப் போகாமல். அவர் மகள். நாலாம் வீட்டுக்காரர், அவர் சம்சாரம், அவர்கள் பிள்ளைகள் மூன்று. மூன்றாம் வீட்டில் நான். என் மகள், ஆறு வயசு, வரிசையில் முதல் ஆளாக.

இல்லாதவர்கள் இரண்டு பேர். என் சம்சாரம். பத்து மாசத்துச் சின்னவன். அவர்கள் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். அவனுக்கு மூளைக்காய்ச்சல். அவனை வைத்துத்தான் இந்தக் கூட்டம்.

டாக்டரம்மா ஒரு நீளக் கம்பியை எடுத்தார். நுனியில் பஞ்சு. "மூக்கு வழியா விட்டு எடுப்போம். வலிக்காது" என்றார். வலிக்காது என்று டாக்டர்கள் சொல்வது எப்போதும் அடுத்தவர் மூக்கைப் பற்றித்தான்.

"எம் பயலுவளுக்கு ஒண்ணுமில்லையே" என்றாள் மதினி. "மூக்குகூட ஒழுகல. பாருங்க."

"ஒண்ணுமில்லாத பிள்ளைங்கதாம்மா வேணும்."

"நோய்க்காரன அங்கன படுக்கப் போட்டுட்டு, நல்லா ஓடியாடுற பிள்ளையப் பிடிக்க வந்திருக்காக. நல்ல வைத்தியம்."

டிரைவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஆனால் மதினி சொன்னது நியாயம் என்றுதான் எனக்கும் பட்டது.

பஞ்சு உள்ளே போய்க்கொண்டே இருந்தது. ஒரு மூக்குக்குள் அவ்வளவு தூரம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. ரெட்டையரில் ஒருத்தன் ஐஸ் பெட்டிக்காரர் கையைக் கடித்தான். இன்னொருத்தன் புளியமரம் வரைக்கும் ஓடி, அங்கே பிடிபட்டான். என் மகள் அசையாமல் நின்றாள். கண்ணில் தண்ணீர் வந்தது. முடிந்ததும், "இந்தக் குச்சி எனக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றதும்தான் அழுதாள்.

ஏழு பிள்ளைகள், ஏழு குச்சி. பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டார்கள்.

எனக்கு வேலை குற்றாலத்தில். ஒரு மெடிக்கல் கடை. பதினெட்டு வருஷமாகக் கவுண்டரில் நிற்கிறேன். படிப்பு எட்டாம் வகுப்பு. மருந்துக்குப் படித்தவருடைய சர்டிபிகேட் சுவரில் கண்ணாடிக்குள் தொங்குகிறது. அது தினமும் வேலைக்கு வரும். அவர் எப்போதாவது வருவார்.

சீசனில் எங்களுக்கு வேலை சுலபம். ஜனங்கள் மெயினருவியில் குளிப்பார்கள். ஐந்தருவியில் குளிப்பார்கள். பழைய அருவி கோபித்துக்கொள்ளும் என்று அங்கேயும் போய்க் குளிப்பார்கள். அப்புறம் தலை ஈரத்தோடு எங்கள் கடைக்கு வந்து, "திடீர்னு சளி பிடிச்சிருக்கு, என்னன்னே தெரியல" என்பார்கள். நான் காரணம் சொல்வதில்லை. மாத்திரை கொடுப்பேன். சிலர் ஸ்ட்ராங்காக வேண்டும் என்பார்கள். அட்டையிலிருந்து நாலு வெட்டிக் கொடுப்பேன். கத்தரிக்கோல் பிடித்துப் பிடித்து என் கட்டைவிரலில் காய்ப்பு உண்டு. அதுதான் என் சர்டிபிகேட்.

வீடு தென்காசியில். வளவில் நாலு வீடு, ஒரு முற்றம், ஒரு குழாய். நாலு வீட்டுக்கும் நான்தான் டாக்டர். பிள்ளைக்கு மூக்கு ஒழுகினால் டீச்சர் திருப்பி அனுப்பிவிடுவாள். பிள்ளை வீட்டில் இருந்தால் அம்மா வேலைக்குப் போக முடியாது. மதினிக்கு சீசனில் லாட்ஜில் அறை பெருக்குகிற வேலை. நாலாம் வீட்டு அம்மாளுக்கு அல்வாக் கடையில். அதனால் சாயந்திரமே என் வாசலில் வந்து நிற்பார்கள். "தம்பி, காலையில மூக்கு காஞ்சிரணும்."

அதற்கு நான் கொண்டுவருவது ரோஸ் மருந்து. ஆன்டிபயாடிக். பாட்டிலில் பொடியாக இருக்கும். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைக் கோடு வரை ஊற்றிக் குலுக்க வேண்டும். ரோஸ் நிறமாகும். நல்ல இனிப்பு. கலக்கிய பிறகு ஏழு நாளைக்குத்தான் உயிர். மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். இதெல்லாம் பெட்டியில் இங்கிலீஷில் பொடி எழுத்தில் இருக்கிறது. வாசித்துச் சொல்ல வேண்டியவன் நான். பதினெட்டு வருஷத்தில் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகிவிட்டேன். சொல்லத்தான் இல்லை.

எங்கள் வளவு முறை வேறு. நாலு வீட்டுக்கும் ஒரே பாட்டில். கடைசியாக எந்தப் பிள்ளைக்கு மூக்கு ஒழுகியதோ, அந்த வீட்டு ஜன்னலில் இருக்கும். "ஏட்டி, ரோஸ் மருந்து உங்க வீட்டுலயா நிக்கி?" என்று முற்றத்தில் இருந்து ஒரு குரல் வரும். பாட்டில் நடந்து போகும். இன்றைக்கு ஒரு ஸ்பூன், நாளைக்கு ஒரு ஸ்பூன். மூக்கு காய்ந்தால் நிறுத்திவிட வேண்டும். வீணாக்கக் கூடாது. மட்டம் இறங்கினால் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுவார்கள், விருந்தாள் வந்தால் ரசத்தில் ஊற்றுகிற மாதிரி. ஏழு நாள் மருந்து ஒன்றரை மாசம் ஓடும். கடைசிப் பிள்ளைக்குக் கிடைப்பது நிறம் மட்டும்.

இதில் எனக்குப் பெருமை வேறு. பக்கத்து வளவில் பிள்ளைகள் ஒழுகிக்கொண்டு திரியும். எங்கள் வளவுப் பிள்ளைகள் மூக்கு துடைத்த கண்ணாடி மாதிரி இருக்கும். பார்க்கிறவர்களிடம் சொல்லுவேன். கேட்காதவர்களிடமும் சொல்லுவேன்.

சின்னவனுக்கு ஆனியில் சளி. சாரல் நேரம். அதே வாரம் தடுப்பூசிக்குப் போக வேண்டும். நர்ஸம்மா வீட்டுக்கே வந்து கூப்பிட்டார். "சளிதான? கொண்டுவாங்க, போடலாம்" என்றார். நான், "சளியோட எதுக்கும்மா? நான் மருந்து கொடுத்துச் சரியாக்கிட்டுக் கூட்டியாறேன்" என்றேன். என் டாக்டர் பேச்சு. அவர் என்னைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

ஒரு ஸ்பூன், ஒரு ஸ்பூன், ஒரு ஸ்பூன். மூக்கு காய்ந்தது. நிறுத்தினேன். ஊசிக்குப் போகவில்லை. சீசன். கடையில் கூட்டம்.

பத்து நாள் கழித்துக் காய்ச்சல். திரும்ப ரோஸ் மருந்து. காய்ச்சல் அரை நாள் இறங்கிற்று. "பாத்தியா" என்றேன் என் சம்சாரத்திடம். மறுநாள் ஏறிற்று. பால் குடிக்கவில்லை. குடித்ததைக் கக்கினான். தூக்கினால் வீறிட்டான். போட்டால் சும்மா கிடந்தான். பிள்ளையைத் தூக்கினால் அழுகை நிற்கும். இவனுக்குத் தலைகீழ். தலையைத் தடவிக்கொண்டிருந்த என் சம்சாரம் கையை எடுத்துவிட்டாள்.

"ஏங்க, உச்சிக்குழி உப்பி நிக்கி."

தொட்டுப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த எந்த அட்டையிலும் அதற்கு மாத்திரை இல்லை.

தென்காசியில் பார்த்தார்கள். உடனே ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். திருநெல்வேலியில் முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். மூளைக்காய்ச்சல் என்றார்கள். பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"வீட்டுல ஏதாவது மருந்து கொடுத்தீங்களா?"

சொன்னேன். பாட்டில், ஜன்னல், ரசம், எல்லாம்.

"நீங்க என்ன வேலை?"

அதையும் சொன்னேன்.

அவர் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. எழுதிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அரைகுறையா மருந்து கொடுத்தா நோய் முகத்தை மறைச்சுக்கும். நாள் போயிரும். இந்தக் கிருமிக்கு வழக்கமான மருந்து வேலை செய்யல. வேற மருந்து ஏத்துதோம். உயிருக்கு எங்களால முடிஞ்சதைப் பார்ப்போம். காது எப்படின்னு பிறகுதான் தெரியும்."

"காது எதுக்கு சார்?"

"இந்த நோய் சில பிள்ளைங்களுக்கு அங்க கை வைக்கும்."

அவ்வளவுதான் பேச்சு. நான் அன்று சாயந்திரம் பஸ் ஏறி ஊருக்கு வந்தேன். மூத்தவளைப் பார்க்க ஆள் இல்லை.

வளவில் அதற்குள் நோயின் காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். நாலு காரணம். அருவித் தண்ணீர் தலையில் இறங்கிவிட்டது என்றாள் மதினி. பத்து மாசத்துப் பிள்ளையை யாரும் அருவிக்குக் கொண்டுபோகவில்லை. "உன் சட்டையில ஒட்டிட்டு வந்திருக்கும் தம்பி, நீ தினமும் அங்கனதான நிக்க" என்றாள். மினிபஸ்ஸில் ஏறுகிற வெளியூர்க்காரன் கொண்டுவந்தது என்றார் டிரைவர். அவருக்கு அவர் பஸ்தான் உலகம். கண்ணேறு என்றாள் நாலாம் வீட்டு அம்மாள். அவள் வீட்டுக்காரர் மட்டும் கொசு என்றார். கொசு பாவம், எல்லாவற்றுக்கும் அதுதான் ஆள். பாட்டிலை யாரும் சொல்லவில்லை. அது அப்போது நாலாம் வீட்டு ஜன்னலில்தான் இருந்தது.

அதற்குப் பிறகுதான் குச்சியும் ஐஸ் பெட்டியும் வந்தது.

எட்டாம் நாள் டாக்டரம்மா காகிதத்தோடு திரும்ப வந்தார். எல்லாரையும் முற்றத்தில் உட்காரச் சொன்னார். மதினி உட்காரவில்லை.

"இந்தக் கிருமி நிறையப் பிள்ளைங்க மூக்குலயும் தொண்டையிலயும் சும்மா குடியிருக்கும். ஒண்ணும் செய்யாது. பிள்ளை நல்லா ஓடும், விளையாடும். எப்பவாவது ஒரு கைப்பிள்ளைக்கு உள்ள இறங்கிரும். ரத்தத்துக்கு, மூளைக்கு."

"எம் பயலுவளுக்கு இருக்கா?"

"ஏழு பேர்ல அஞ்சு பேருக்கு இருக்கு."

"எந்த அஞ்சு?"

"அதைத் தனித்தனியா சொல்லுவேன். ஒருத்தர் விஷயத்தை இன்னொருத்தர்ட்டச் சொல்லக் கூடாது."

தனித்தனியாகக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார். அவர் செருப்பு மாட்டுவதற்குள் ஐந்து பேர் யார் என்று வளவு முழுக்கத் தெரிந்துவிட்டது. தெருக் குழாயடிக்கும் போய்விட்டது.

என்னிடம் சொன்னது இது. மகளுக்கு இருக்கிறது. சின்னவனிடம் எடுத்த அதே வகை. ரோஸ் மருந்துக்கு மடியாது. "ஒரு பாட்டிலை எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சமா கொடுத்தா லேசான கிருமி செத்துரும். முரட்டுக் கிருமி நிக்கும். அதுக்கு இடம் தாராளமாக் கிடைக்கும். வீட்டுக்கு வீடு தாவும்."

"இவட்ட இருந்துதான் தம்பிக்குப் போச்சா?"

"அப்படிச் சொல்ல முடியாது. யார்ட்ட இருந்து யாருக்குன்னு யாருக்கும் தெரியாது. பிள்ளைட்ட அப்படிப் பேசிராதீங்க."

மகள் படியில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தாள். தம்பிக்குத் தினமும் மூக்கோடு மூக்கு வைத்து முத்தம் கொடுக்கிறவள். அவளுக்கு ஒரு நாள்கூடத் தும்மல் வந்ததில்லை. நான் பெருமை அடித்த மூக்கு.

நான் கேட்டேன், "இவளுக்கு என்ன மருந்து?"

"மருந்து வேண்டாம். தானாப் போயிரும். கை கழுவச் சொல்லுங்க. சின்னவனுக்கு விட்டுப்போன ஊசியை, தேறினதும் போட்டுருங்க. வீட்டு வைத்தியம் நிறுத்துங்க."

இதைக் கேட்டு வளவுக்குக் கோபம் வந்துவிட்டது. கிருமி இருக்கிறதாம், மருந்து கிடையாதாம். "ஸ்டாக் இருக்காது. சொல்ல வெக்கப்படுதா" என்றாள் மதினி. டிரைவர் தலையாட்டினார். சாயந்திரம் மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் என் வாசலில்.

"கொழுந்தனாரே, அந்த ரோஸ் மருந்துல பெரிய பாட்டிலா ஒண்ணு கொண்டாங்க. ஏழு பிள்ளைகளுக்கும் ஒரே மூச்சுல கொடுத்துருவோம்."

"வேண்டாம்னு சொன்னாகளே மதினி."

"அவ சொல்லுவா. பிள்ளை அவளுதா?"

"அந்த மருந்துக்கு அது சாகாது."

"முன்னால தந்தீரு."

"தந்தேன்."

"இப்ப என்ன?"

"இல்ல."

"உம்ம பிள்ளைக்கு வந்துட்டு. இனி எங்களுக்கு மருந்து கிடையாது. அப்படித்தான?"

டாக்டரம்மா சொன்னதைத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். என் வாயில் அது மருந்து ஒளித்து வைத்திருக்கிறவன் பேச்சு மாதிரி இருந்தது. பதினெட்டு வருஷம் கேட்டதும் கொடுத்தவன் இல்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

மறுநாள் டிரைவர் டூட்டி முடிந்து வரும்போது வேறு கடையில் வாங்கி வந்தார். அங்கேயும் என்னை மாதிரி ஒருத்தன் இருப்பான். பாட்டில் புறப்பட்டது. முதல் வீடு, இரண்டாம் வீடு, பிறகு நேராக நாலாம் வீடு. மூன்றாம் வீட்டைத் தாண்டி அது போனது அதுதான் முதல் தடவை. சாமி சப்பரம் ஒரு வீட்டு வாசலில் மட்டும் நிற்காமல் போன மாதிரி எல்லாரும் என் நடையைப் பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் மகள் உதட்டை நக்கிக்கொண்டு வந்தாள். உதடு ரோஸ்.

"யார்ட்டி தந்தா?"

"பெரியம்மா. பாவம், அப்பன் தரமாட்டேங்கான்னு சொன்னா."

மதினி வீட்டுக்குப் போனேன். அவள் அன்பாகத்தான் செய்தாள். அதுதான் கஷ்டம். ஜன்னலில் இருந்து பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். கோடு வரை நிறைந்திருந்தது. மூன்று நாளில் ஏழு பிள்ளைகள் குடித்தும் குறையாத மருந்து.

"தண்ணி ஊத்தினீகளா?"

"பின்ன? எல்லாருக்கும் வரவேண்டாமா?"

"காய்ச்சின தண்ணியா?"

"குழாத் தண்ணிதான். ஏன், குழாயில நாம குடிக்கலையா?"

பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். "அது எங்க பாட்டில்" என்றாள். "தெரியும்" என்றேன். அதோடு பேச்சு நின்றது. இன்றுவரை என் மகளோடு மட்டும் பேசுகிறாள்.

கடையிலும் எனக்குக் கெட்ட பெயர். ஆன்டிபயாடிக் கேட்டால் டாக்டர் சீட்டு கேட்கிறேன். முதலாளி கல்லாவில் இருந்து எட்டிப் பார்த்தார். "ஏலே, உனக்கு என்னலே ஆச்சு? சீசன் நேரத்துல?" சீட்டோடு வருகிறவர்களுக்குப் பெட்டியில் தமிழில் பெரிசாக எழுதிக் கொடுக்கிறேன்: டாக்டர் சொன்ன நாள் முழுக்க. மிச்சம் கொட்டவும். தண்ணீர் சேர்க்கக் கூடாது. ஒருத்தர் அதை வாசித்து, சீட்டையும் பார்த்துவிட்டு, "ஏழு நாளா? நாங்க ரெண்டு நாளைக்குத்தான ரூம் போட்டிருக்கோம்" என்றார். கூட நின்றவர், "மிச்சத்தைக் கொட்டணுமாம். அப்ப பாதிக்கு வாங்குவோம்" என்றார். இப்படித்தான் போகிறது.

சின்னவன் மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்தான். பாதியாகியிருந்தான். கண் முகத்துக்குப் பெரிசாக இருந்தது. வந்ததும் சிரித்தான். பால் குடித்தான். உயிர் தப்பியதற்கு என் சம்சாரம் காசிவிஸ்வநாதருக்கு விளக்குப் போட்டாள். பெரிய டாக்டருக்கு யாரும் விளக்குப் போடவில்லை. போன மாசம் ஊசியும் போட்டாயிற்று. நர்ஸம்மா பழசைப் பேசவில்லை.

வளவில் அவனைப் பார்க்க வந்தவர்கள், "நல்லா இருக்கானே" என்றார்கள். மதினி வரவில்லை. வாசலில் இருந்து பார்த்தாள்.

நல்லாத்தான் இருக்கிறான். கூப்பிட்டால்தான் பார்ப்பதில்லை. முதலில், வாட்டம் என்று நினைத்தோம். பின்பக்கம் குக்கர் விசில் அடித்தது. நான் திடுக்கிட்டேன். அவன் தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் சம்சாரம் என்னைப் பார்த்தாள். இந்த வீட்டில் அவளும் இன்னும் என்னைத் திட்டவில்லை.

மிஷின் வைத்துக் காதைப் பார்க்கத் தேதி கொடுத்திருக்கிறார்கள். இன்னும் இரண்டு வாரம். அதுவரை வீட்டில் பின்னால் இருந்து தட்டிப் பார்த்து எழுதி வைக்கச் சொன்னார்கள். எவர்சில்வர் டம்ளரும் ஸ்பூனும். ரோஸ் மருந்து அளந்த ஸ்பூன்தான். அதற்கு இப்போது இந்த வேலை.

இன்று காலையில் வேலைக்குப் போகுமுன் உட்கார்ந்தேன். சின்னவன் பாயில். அவன் முதுகுப் பக்கம் நான். எதிரே மகள், எண்ணுகிறேன் என்று வந்து உட்கார்ந்தாள். முதல் தட்டுக்குத் திரும்பினான். இரண்டாவதுக்கும் திரும்பினான். மூன்றாவதுக்கும். பிறகு பார்த்தேன். நான் ஸ்பூனை ஓங்கும்போது மகள் கண் என் கைக்கு வருகிறது. அவன் அக்காள் கண்ணைப் பார்த்துத் திரும்புகிறான். புத்திசாலி.

"ஏட்டி, நீ கண்ண மூடிக்கோ."

"கண்ண மூடிக்கிட்டு எப்படிப்பா எண்ண?"

"சத்தத்தை எண்ணு. திரும்புறத நான் எண்ணுதேன்."

இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள். விரல் இடுக்கில் பார்க்கிறாளா என்று பார்த்தேன். பார்க்கவில்லை. முதலில் இருந்து ஆரம்பித்தேன். தட்டினேன். நிறுத்தினேன். தட்டினேன். ஒவ்வொன்றுக்கும் சத்தமாக எண்ணினாள். பத்து என்றதும் கையை எடுத்தாள்.

"பத்துக்கும் திரும்பினானாப்பா?"

நோட்டை எடுத்து எழுதினேன்.

நாலு.